தன் குறை தான் அறியாமை: ஐரிஸ் மர்டோக்கின் கடைசி நாவல்

ஒரு நூலில் குறை கண்டு சொல்லும் திறனாய்வாளன், தான் எடுத்துக்காட்டும் குறையைக் காணும் ஆற்றல் நூலாசிரியருக்கு உண்டு என்ற நம்பிக்கையோடுதான் எழுதுகிறான். ஆசிரியர் அதனை ஒப்பாமற் போகலாம்; சினங்கொண்டு மறுப்பும் எழுதலாம். ஆயினும் காண்பதற்குரிய கண் அவரிடம் இருக்கிறது என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. அந்தக் கண்ணே மங்கிவரும் வேளையில் எழுதப்பட்ட நூலை எவ்வாறு மதிப்பிடுவது? அதில் உள்ள குறையை ஆசிரியர் அறிந்திருந்தாரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டா? ஆங்கில நாவலாசிரியை ஐரிஸ் மர்டோக் அம்மையார் 1995-இல் வெளியிட்ட ‘ஜாக்சன்ஸ் டிலெம்மா’ என்னும் நாவலைக் கையில் எடுப்போருக்கு இக்கேள்விகள் எழாமல் இரா. அந்நூலின் பெயரை ‘ஜாக்சனின் இக்கட்டு’ என்று நாம் தமிழில் வழங்கலாம்.

அம்மையார் 1919-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் டப்ளின் நகரிற் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் தத்துவம் கற்பித்தவர். 1954-இல் ‘அண்டர் த நெட்’ என்னும் முதல் நாவலை வெளியிட்டு, பின்னர் மொத்தம் 26 நாவல்கள் எழுதினார். அவற்றுள் ‘த ஸீ, த ஸீ’ 1978-இல் புக்கர் பரிசு பெற்றது. 1956-இல் அவரை மணந்த ஜான் பெய்லி அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் போதித்தவர். தாமும் சிறந்த திறனாய்வாளர். 1997-இல் அம்மையாருக்கு அல்சைமர் நோய் என்று மருத்துவர் முடிவு கூறினர். 1999 பிப்ரவரி 8-இல் அவர் மறைந்தார். மறைவுக்குப்பின் மூளையைச் சோதித்தவர்களும் அதனையே உறுதி செய்தனர். ‘ஜாக்சனின் இக்கட்டு’ அவருடைய இருபத்தாறாவது நாவல். கடைசி நாவலும் அதுவே.

கதையைச் சுருக்கமாகக் காண்போம். ஹாட்டிங் ஹால் என்னும் மாளிகைக்குரிய எட்வர்ட் லானியனுக்கும் மேரியன் என்னும் பெண்ணுக்கும் மறுநாள் திருமணம். அயலில் உள்ள பென்டீன் என்னும் வீட்டில் பெனட் என்பவர் நண்பர்களைக் கூட்டி விருந்து நடத்துகிறார். அன்றிரவு வந்து சேரும் சிறு கடிதம் ஒன்று, மணப்பெண் மணக்க இயலாது என்று அறிவிக்கிறது. பிறகு எல்லாரும் கிராமத்துக்கும் லண்டனுக்குமாக அலைகின்றனர், தேடுகின்றனர், குற்றம் தம்முடையதே என்று தம்மை நொந்துகொள்கின்றனர். பெனட்டின் பணியாளாகிய ஜாக்சன், எங்கிருந்து வந்தவன் என்று எவரும் அறியாதவன், முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறான். முடிவில், முதலில் இணைய இருந்த இருவரும் வெவ்வேறு துணைகளை அடைகின்றனர். ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களின் அமைப்பு இது. அம்மையார் இவ்வமைப்பை முன்னரும் பலமுறை கையாண்டு வெற்றி கண்டவர்.

எனவே குறை அமைப்பில் இல்லை. ‘த ஸீ, த ஸீ’ நாவலைப் படித்தவர்கள், ஓய்வுபெற்ற நாடக இயக்குநர் சார்ல்ஸ் அரோபி தாம் சமைத்துண்ணும் விசித்திரமான உணவு வகைகளைக்கூட விடாமல் விரித்துரைப்பதை நினைவிற் கொள்வர். கடலின் நிறம் ஒவ்வொரு வேளையும் மாறுவதற்கு ஒவ்வொரு சொல் அங்கே உண்டு. கடைசி நாவலிலோ வீடுகள் இருக்கின்றன, அறைகளில் பொருள்கள் இல்லை. மனிதர் இருக்கின்றனர், ஒருவர் குரலை மற்றவர் குரலினின்று பிரித்தறிய முடிவதில்லை. துயரமும் மகிழ்ச்சியும் காரணம் வளராமலே வந்து போகின்றன. வியப்புக்குறிகள் மிகுந்து, வியப்பு குறைந்துள்ளது. 1995-இல் மதிப்புரை எழுதியவர்கள் இதனை மறைக்கவில்லை. அம்மையாரைப் பற்றி முன்னரே ஒரு தனி நூல் எழுதியவரான ஏ. எஸ். பயட் அம்மையார், இந்நாவலை இந்தியக் கயிற்று வித்தைக்கு ஒப்பிட்டு, இதில் வரும் மக்களுக்குத் தன்னுரு என்பதே இல்லை, ஆதலால் கதையும் இல்லை என்ற கருத்தை வெளியிட்டார். கடுமையான தீர்ப்புத்தான்; ஆனால் சரியான தீர்ப்பு. நோயைப் பற்றி ஒன்றும் அறியாத நிலையில் சொல்லப்பட்டதாலேயே அதற்கு மதிப்பு மிகுதி. நோய் வெளிப்பட்ட பிறகு அத்தீர்ப்புக்காகச் சிலர் வருந்தினர். வருந்தத் தேவையில்லை என்பது என் கருத்து.

பின்னர் 2005-இல், லண்டனைச் சேர்ந்த நரம்பியல் அறிஞர் பீட்டர் காரார்டும் அவருடன் சேர்ந்த சிலரும் ‘பிரெயின்’ என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். முதல் நாவல், 1978-ஆம் ஆண்டு நாவல், கடைசி நாவல் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு சொற்களை எண்ணினார்கள். வாக்கிய அமைப்பில் பெரிய மாற்றம் காணப்படவில்லை. சொல்வளத்தில்தான் மாற்றம். புதிய புதிய சொற்கள் தோன்றும் வேகம் ‘த ஸீ, த ஸீ’யில் மிகுதி, கடைசி நாவலில் மிகக் குறைவு. அது மட்டுமன்று, கடைசி நாவலில் வரும் சொற்கள் அன்றாட வழக்கில் அடிக்கடி புழங்கும் எளிய சொற்களாகவே இருந்தன. அம்மையார் கையால் எழுதுபவர். பதிப்பாசிரியர் தம் எழுத்தில் கைவைப்பதை விரும்பாதவர். ஆகவே அச்சான சொற்கள் அவர் சொற்களே என்று நம்பி எண்ண முடிந்தது. வாக்கியம் நிற்கிறது, சொல் தேய்கிறது என்ற இம்முடிவு, பயட் அம்மையார் காதால் கேட்டதை எண்ணிக்கையால் காட்டியது எனலாம்.

இந்த ஆராய்ச்சியைப் பற்றி எழுதியவர்கள் பலர், நோய் வருமுன்பே எழுத்தில் அது தெரிந்துவிட்டது என்று வியந்ததோடு நின்றுவிட்டனர். ஆசிரியைக்கே தெரிந்திருந்ததா என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது. அதுவே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

தெரிந்த செய்திகள் இவை. 1994-இல் இஸ்ரேல் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கேள்விகளுக்கு விடையளிக்க அமர்ந்த அம்மையார், சொல் கிடைக்காமல் திணறியதையும் அவையோர் சங்கடப்பட்டதையும் பெய்லி தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். 1996-இல் ஒரு செய்தித்தாளுக்கு அளித்த பேட்டியில் அம்மையார், தமக்கு எழுத்து ஓடவில்லை என்றும், தாம் ஏதோ இருண்ட இடத்தில் இருப்பதாகவும், அதனின்று வெளிவர முயல்வதாகவும் கூறினார். எழுத்தாளர்கள் ‘எழுத்துத் தடை’ என்று வழங்குவார்களே, அந்தப் பெயரையே தம் நிலைக்கு இட்டார். கேட்டவர்களும் அதனை ஏற்றுக்கொண்டனர். பெய்லியும் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணினார். மறு ஆண்டு மருத்துவர் வேறு பெயர் சொன்னார்.

இவ்விடத்தில், தன் குறை தனக்குத் தெரியாத இந்நிலைக்கு மருத்துவம் இட்டுள்ள பெயரையும் அதன் வரலாற்றையும் சிறிது சொல்லவேண்டும். 1914-இல் பாரிஸ் நகரத்து நரம்பியல் அறிஞர் ஜோசப் பாபின்ஸ்கி, இடப்பக்கம் முற்றும் செயலற்றுப் போயும் அதனை அறியாத நோயாளிகளைக் கண்டு, இந்நிலைக்கு ‘அனோசக்னோசியா’ என்று கிரேக்கச் சொற்களைக் கொண்டு பெயர் அமைத்தார். நோயறியாமை என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் செய்தி மிகப் பழையது. உரோம நாட்டு அறிஞர் செனெக்கா, தம் நண்பர் லூசிலியசுக்கு எழுதிய ஐம்பதாவது கடிதத்தில், தம் வீட்டில் இருந்த ஹார்ப்பாஸ்டே என்னும் பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். அவள் திடீரெனப் பார்வை இழந்தாள். இழந்தது அவளுக்குத் தெரியவில்லை. வீடு இருட்டாக இருக்கிறது, வேறு இடத்துக்கு என்னைக் கொண்டுபோங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

ஹார்ப்பாஸ்டே ஒன்றும் அறியாதவள் என்று சொல்ல முடியுமா? இருட்டை அவள் அறிந்தாள். இருட்டு எங்கே இருக்கிறது என்பதைத்தான் அறியவில்லை. மர்டோக் அம்மையாரின் பேட்டியும் இவ்வகையே. ஏதோ தவறிவிட்டது என்ற துன்பம் அவரிடம் இருந்தது. அதன் இடமும் பெயரும் மாறிவிட்டன. ‘அவருக்குத் தெரியாது’ என்று ஒரு பக்கமும், ‘உள்ளூரத் தெரிந்தே மறைத்தார்’ என்று மறுபக்கமும் பேசுவோர், இவ்விரண்டிற்கும் நடுவே இருக்கும் இந்நிலையைக் காணத் தவறுகின்றனர்.

செனெக்கா இக்கதையைச் சொன்னது மருத்துவத்துக்காக அன்று. நாம் எல்லாரும் இப்படித்தான், பேராசை நம்முடையதாக இருக்க ஊரின்மேல் பழிபோடுகிறோம் என்று அறம் உரைப்பதற்காகச் சொன்னார். மர்டோக் அம்மையாரின் தத்துவமும் இப்பக்கம் சாய்ந்ததே. 1970-இல் வெளிவந்த ‘த சாவரின்டி ஆஃப் குட்’ என்னும் நூலில், நன்மை என்பது சரியாகப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது என்றும், தன்னலமே நம் பார்வையை மறைக்கும் திரை என்றும் அவர் நிறுவுகிறார். மருமகளைத் தாழ்வாக எண்ணிவந்த மாமியார் ஒருத்தி, வெளியில் ஒன்றும் மாறாத நிலையில், தன் மனத்தைத் திருத்திக்கொண்டு அவளை மீண்டும் உற்றுநோக்கி வேறாகக் காணும் எடுத்துக்காட்டு அந்நூலில் புகழ்பெற்றது. ‘த ஸீ, த ஸீ’யின் சார்ல்ஸ் அரோபியோ, இளமையில் தாம் காதலித்த பெண்ணை முதுமையில் கண்டு, அன்பு என்று எண்ணிக்கொண்டு அவளை வீட்டிற்குள் அடைத்துவைக்கிறார், தாம் செய்வது கொடுமை என்பது அவருக்குத் தெரிவதில்லை. தன்னை அறியாமையைப் பற்றி அந்த நூற்றாண்டில் எழுதப்பட்ட சிறந்த ஆங்கில நாவல்களுள் அது ஒன்று.

ஆனால் அரோபியின் அறியாமை வேறு, நோயின் அறியாமை வேறு. அரோபி முயன்றால் காணலாம். காணாதது அவர் குற்றம். மூளை தேயும்போது வரும் அறியாமைக்குக் குற்றம் இல்லை, முயற்சியால் தீர்வதும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் குருட்டுத்தன்மையை அறநெறிக்கு உவமையாகச் சொல்லிப் பழகிவிட்டதால், நோயின் அறியாமையைக் கண்டவிடத்தும் நாம் பிடிவாதம் என்கிறோம், வீம்பு என்கிறோம், சில வீடுகளில் பொய் என்றும் சொல்லிவிடுகிறோம். மறந்ததைச் சுட்டிக்காட்டினால் ‘நான் எப்போது மறந்தேன்?’ என்று கேட்கும் தாயோடு வழக்காடும் மக்கள், அவர் மறுக்கிறார் என்றே நினைக்கின்றனர். அவர் மறுக்கவில்லை, அவரிடம் அச்செய்தி சேரவே இல்லை.

ஏன் சேரவில்லை என்பதற்கு லண்டன் ஆராய்ச்சியாளர் சிலர் 2009-இல் ஒரு விளக்கம் தந்தனர். நம்மைப் பற்றிய நம் அறிவும் நினைவுதானே. நேற்றுத் தவறினேன், இன்று தவறினேன் என்ற செய்திகள் சேரச் சேரத்தான் ‘எனக்கு மறதி மிகுந்துவிட்டது’ என்ற முடிவு உருவாகும். புதுச்செய்திகள் பதியாதபோது, பழைய மனிதர் பற்றிய பழைய மதிப்பே உள்ளே நிலைத்துவிடுகிறது. அதனைக் ‘கல்லாய்ச் சமைந்த தன்னுரு’ என்ற பொருள்பட அவர்கள் வருணித்தனர். தவறும் நொடியில் அவர் வெட்கப்படுவதும் கலங்குவதும் உண்டு. சற்றுக் கழித்துக் கேட்டால் அதன் சுவடு இல்லை. இதனைக் கண்டவர்கள் நடிப்பு என்று எண்ணுவது எளிது.

அல்சைமர் முற்றிய நிலையில் இவ்வறியாமை இருப்பது மருத்துவர் நெடுநாள் அறிந்தது. அதற்கு முந்திய படியில், ‘மைல்டு காக்னிட்டிவ் இம்பெயர்மென்ட்’ என ஆங்கிலத்தில் வழங்கும் இலேசான அறிதிறன் குறைவிலும் அது உண்டா என்பதில்தான் குழப்பம். அக்குழப்பத்துக்கு ஒரு காரணம் வரையறையிலேயே இருந்தது. 1999-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சனும் பிறரும் வகுத்த அடையாளங்களில் முதலாவது, நினைவு குறைந்துவிட்டது என்ற முறையீடு இருக்கவேண்டும் என்பது. அதனை உறவினர் ஒருவர் உறுதி செய்தல் நலம் என்றும் சேர்த்திருந்தனர். நோயாளியே வந்து ‘எனக்குக் குறை உண்டு’ என்று சொன்னால்தான் பட்டியலில் சேர்ப்போம் என்றால், குறையறியாதவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். அப்படிச் சலித்தெடுத்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு, இப்படியில் நோயாளிகள் தம் குறையை நன்கு அறிகின்றனர் என்று முடிவுகட்டினால் அது எத்தகைய ஆராய்ச்சி? கூப்பிட்டபோது கைதூக்கியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வகுப்பில் எல்லாருக்கும் காது கேட்கிறது என்று எழுதுவதை அது ஒக்கும்.

நற்பேறாக இது திருத்தப்பட்டது. 2004-இல் வெளியான திருத்தம், நோயாளியோ உறவினரோ இருவருள் ஒருவர் சொன்னாலும் போதும் என்றது. 2011-இல் வந்த அமெரிக்க வரையறை, நோயாளியை அறிந்த மருத்துவரின் ஐயத்தையும் ஏற்றுக்கொண்டது. இதற்கிடையே 2002-இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஆய்வு ஒன்று, அன்றாடக் காரியங்களில் நோயாளி சொல்லும் குறையைவிட உறவினர் சொல்லும் குறை மிகுதியாக இருந்தால், அவருக்குப் பின்னாளில் அல்சைமர் வரும் வாய்ப்பு மிகுதி என்று காட்டியது. மறுபுறம், ஓயாமல் முறையிடுவோருள் சோர்வாலும் கவலையாலும் வருந்துபவர் பலர். சோதித்தால் அவர்கள் நினைவு நன்றாகவே இருக்கும். முறையீடு இல்லாமை நலத்துக்குச் சான்றன்று. முறையீடு மிகுதி நோய்க்குச் சான்றுமன்று.

ஆயினும் புதிய முறையிலும் எனக்கு ஒரு தடை உண்டு. அறியாமையை அளக்க, ஒரே வினாத்தாளை நோயாளியிடமும் உறவினரிடமும் கொடுத்து, இருவர் விடைக்கும் உள்ள இடைவெளியை நோயாளியின் அறியாமை என்று கணக்கிடுகின்றனர். உறவினர் சொல்வதே உண்மை என்று கொள்வதன்றோ இது? அலுத்துப்போனவர் மிகுத்துச் சொல்வார். அன்பினாலோ அச்சத்தாலோ குறைத்துச் சொல்பவரும் உண்டு. ஜான் பெய்லியைவிடத் தகுதியான சாட்சி யார்? நாற்பதாண்டுகள் கூட வாழ்ந்தவர். சொல்லின் நயத்தை ஆய்வதையே தொழிலாகக் கொண்டவர். அவரும் எழுத்துத் தடை என்றே எண்ணினார். அவரிடம் 1995-இல் அந்த வினாத்தாளைக் கொடுத்திருந்தால், அவர் விடையும் அம்மையார் விடையும் ஒத்திருக்கவும் கூடும். இடைவெளி இல்லை, ஆதலின் அறியாமை இல்லை என்று கணக்கு முடிந்திருக்கும். நாவலின் சொற்களோ வேறு கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தன. இதனைக் கருதிப் போலும், நோயாளி தாம் எத்தனை சொற்களை நினைவு கூர்வோம் என்று முன்கூட்டிச் சொல்வதையும், பின் உண்மையில் நினைவு கூர்வதையும் ஒப்பிடும் முறையைச் சிலர் விரும்புகின்றனர். அங்கே மூன்றாமவர் சாட்சி தேவையில்லை. என் மனம் அம்முறையையே நாடுகிறது.

நம்மவரிடையே இந்நோய்க்கு ‘முதுமை மறதி’ என்ற பெயர் பரவியிருப்பதையும் இங்கே சொல்லிவிடலாம். முதுமை என்ற சொல் முன்னே நிற்பதால், வயதானால் அப்படித்தான் என்ற பழைய ஆறுதல் நோயின் பெயருக்குள்ளேயே புகுந்துகொண்டது. மர்டோக் அம்மையாருக்கு எழுத்துத் தடை என்ற சொல் எதைச் செய்ததோ அதனையே இப்பெயர் நம் வீடுகளில் செய்கிறது.

அம்மையார் தனியானவர் அல்லர். துப்பறியும் கதைகளால் உலகமறிந்த அகதா கிறிஸ்டி அம்மையார் தம் 81-ஆம் வயதில் எழுதி, 1972-இல் வெளிவந்த ‘எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்’ நாவலை 2009-இல் கனடாவின் டொரான்டோ அறிஞர்கள் எண்ணிப் பார்த்தனர். 63-ஆம் வயதில் அவர் எழுதிய நாவலோடு ஒப்பிட, சொல்வளம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. கிறிஸ்டி அம்மையாருக்கு வாழ்நாளில் எந்த மருத்துவரும் இந்நோய் என்று சொன்னதில்லை. ஆனால் கதையைப் பாருங்கள்: முதிய நாவலாசிரியை ஒருத்தி, பழைய கொலை ஒன்றைத் துலக்குவதற்காக, யானையைப் போல் மறவாத நினைவுடையவர்களைத் தேடி வீடு வீடாகச் செல்கிறாள். அவர்கள் ஒவ்வொருவரும் பாதியை மறந்து மீதியை மாற்றிச் சொல்கின்றனர். ஆசிரியை தம் நிலையை அறிந்து இக்கதையைத் தேர்ந்தார் என்று சிலர் கூறுவர். அவ்வளவு துணிய நான் ஆயத்தமாக இல்லை. முதியோர் நினைவைப் பற்றி எழுதுவதற்கு எண்பது கடந்த ஒருவருக்கு நோய்தான் வேண்டுமென்பதில்லை.

மர்டோக் அம்மையார் திறத்திலும் இக்கட்டுப்பாடு வேண்டும். பெய்லியின் 1998-ஆம் ஆண்டு நினைவு நூலும், அதனைத் தழுவி 2001-இல் வந்த ‘ஐரிஸ்’ திரைப்படமும், அம்மையாரின் நூல் ஒன்றையும் படியாத பலருக்கு அவரை நோயாளியாகவே அறிமுகம் செய்துவிட்டன. அதன் பிறகு கடைசி நாவலைப் படிப்போர் பக்கத்துக்குப் பக்கம் நோயின் அடையாளத்தைத் தேடுகின்றனர். இவ்வாறு படிப்பது நாவலுக்கும் நியாயமன்று, நோய்க்கும் நியாயமன்று. அம்மையார் நலமாயிருந்த காலத்தில் எழுதியவற்றிலும் வலுவற்ற நாவல்கள் உண்டு. வலுவற்ற நாவல் என்பதாலேயே அதனை நோயின் விளைவு என்று முடிவுகட்டினால், திறனாய்வு தன் வேலையை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டது என்றே பொருள்.

நூலின் கடைசிப் பக்கங்களைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லவேண்டும். எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துவிட்ட ஜாக்சன் அங்கே தனியே அமர்ந்திருக்கிறான். தன் ஆற்றல் தன்னைவிட்டு நீங்கிவிட்டதோ, அது திரும்புமோ என்று எண்ணுகிறான். பாதையே இல்லாத ஓர் இடத்துக்கு வந்துவிட்டதாக உணர்கிறான். அவ்விடத்து நடையில், நூல் முழுவதும் காணாத ஓர் அமைதி இருக்கிறது. சொற்கள் எளியவை, எண்ணிப்பார்ப்போர் கணக்கில் அவையும் வழக்கில் மிகுந்த சொற்களாகவே விழுந்திருக்கும். ஆனால் இவ்விடத்தில் வேறு சொல் எதுவும் பொருந்தியிராது. எழுதியவர் தம்மை எண்ணி எழுதினாரா, தம் பாத்திரத்தை மட்டும் எண்ணி எழுதினாரா என்பதற்கு அப்பக்கங்களில் விடை இல்லை. இந்நாவலை விலைகொடுத்து வாங்கியவர்கள் முதல் நூறு பக்கங்களில் சலித்து மூடிவிடாமல் அதுவரை சென்று படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.